ஆஸ்பத்திரி ஆரத்தி

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. புரியாத இடத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

நான் வேலை பார்த்தது பெங்களூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில், துப்புரவுப் பிரிவில். வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு நாள் பழைய ஆட்களைப் பார்க்கப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு சந்தேகம் கேட்டார்கள். நர்ஸ் அறை அலமாரியில் ஒரு பித்தளைத் தட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்களே, குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஆரத்தி எடுக்க அதைத்தான் கேட்டு வாங்க வேண்டுமாமே, எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத வழக்கம் இங்கே எப்படி வந்தது என்று. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னோடு வேலை பார்த்த செல்வியின் கதை இதில் வருவதால் அதனிடம் போனில் கேட்டேன். "எழுதுங்கண்ணா. என் பேரையும் போடுங்க. வேற யாரையோன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றது.

ரத்தம் எனக்குப் புதிதல்ல. திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிழைக்க வந்த காலத்தில் சிவாஜிநகரில் ஒரு கறிக்கடையில் தரை கழுவினேன். வெறுங்காலோடு ரத்தத்தில் நின்றபடியே டீயும் பன்னும் சாப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றும் அந்தப் பழக்கம்தான். பிரசவ அறை வாசலில் ஒரு சொட்டு ரத்தம் கிடந்தது. செருப்பால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சாவதானமாக வந்தது. "ஏழுமலை அவரே, நில்லுங்க. அந்தக் காலைக் கீழே வைக்கபேடி."

அதுதான் பிரமீளா சிஸ்டர். நோய்த்தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. ஹாசன்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து விழும். வைக்கபேடி என்றால் வைக்காதீர்கள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ரசம் வைக்கச் சொல்லிக் கொடுப்பவர் போல ஒவ்வொன்றாகச் சொல்வார். அன்றைக்கு நான் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அவசரமே இல்லாமல் போய்க் கையுறை எடுத்து வந்து, என் செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டார். போகிற வருகிற நர்ஸுகள் எல்லாம் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெட்கத்தில் ஊருக்கே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

பிறகு கேட்டார். "இந்த ரத்தம் யாருது?"

தெரியாது என்றேன்.

"அதில என்ன இருக்கு?"

அதுவும் தெரியாது என்றேன்.

"அவ்ளோதான் பாடம். தெரியாத வரைக்கும் எல்லாத்திலயும் எல்லாம் இருக்கு."

மற்றதெல்லாம் கை வேலை. முதலில் மஞ்சள் பலகை வைத்து ஆள் நடமாட்டத்தை நிறுத்த வேண்டும். கையுறை, பிளாஸ்டிக் ஏப்ரன், முகமூடி, மூடிய செருப்பு. ரத்தத்தின் மேல் உறிஞ்சும் தாளைப் போர்த்த வேண்டும். அதன்மேல் ப்ளீச் கரைசலை விளிம்பிலிருந்து நடுப்பக்கமாக ஊற்ற வேண்டும். நடுவில் ஊற்றினால் வெளியே பரவும். பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தப் பத்து நிமிஷம்தான் கஷ்டம். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பவனைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு வேலை ஞாபகம் வரும். அதற்குப் பிறகு தாளை மடித்து மஞ்சள் பையில் போட்டு, மறுபடி ஒரு தடவை கரைசலில் துடைக்க வேண்டும். ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி கிடந்தால் கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.

கையுறையைக் கழற்றுவதற்கே ஒரு பயிற்சி வைத்தார். கையுறை மேல் குங்குமத்தைக் குழைத்துப் பூசிவிட்டுக் கழற்றச் சொல்வார். ஒன்றின் வெளிப்புறத்தைக் கிள்ளிப் பிடித்து உள்பக்கம் வெளியே வருமாறு உரிக்க வேண்டும். அதை மற்றக் கையில் உருட்டி வைத்துக்கொண்டு, வெறும் விரலை அடுத்ததின் உள்ளே விட்டு உரிக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு துளி சிவப்பு தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நான் தேறுவதற்குள் ஒரு டப்பா குங்குமம் தீர்ந்தது. வீட்டுக்குப் போனால் ஏதோ கோயில் வேலைக்குப் போய் வந்தவன் மாதிரி இருப்பேன்.

சிஸ்டருக்கு இன்னொரு பழக்கம். நாங்கள் அசந்த நேரம் பார்த்து மாடிப்படியில் ரோஸ் ஷர்பத்தை ஊற்றி வைத்துவிட்டு, தூரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் பலகை வைத்து, தாள் போர்த்தி, கரைசல் ஊற்றி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். எறும்பு மொய்க்கும். இது ஷர்பத்துதானே சிஸ்டர், எறும்பு வருதே என்று செல்வி ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. "எறும்பை டெஸ்ட் பண்ணக் கத்துக்கிட்டியா?" என்றார் சிஸ்டர்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எங்களைப் பாடாய்ப் படுத்தியது ஆரத்திதான்.

பிரசவ ஆஸ்பத்திரி வாசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குழந்தையும் தாயும் வெளியே வந்ததும் பாட்டிமார்கள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரைச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, மிச்சத்தை வாசலில் ஊற்றிவிட்டு ஆட்டோ ஏறுவார்கள். டைல்ஸ் தரையில் சிவப்பாக ஓடும். தரையில் சிவப்பாக எது கிடந்தாலும் அது ரத்தம்தான் என்று சிஸ்டர் சட்டம் போட்டிருந்தார். ஆகவே ஒவ்வொரு ஆரத்திக்குப் பிறகும் நான் ஏப்ரன் கட்டி, பலகை வைத்து, ப்ளீச் ஊற்றி, காவல் நிற்பேன். ப்ளீச் பட்டதும் சிவப்பு வெளிறிப் போய்விடும். ஒரு அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து சண்டைக்கு நின்றார். கழித்த திருஷ்டியை இப்படி மருந்து ஊற்றிக் கொன்றால் அது எங்கே போகும், குழந்தையிடமே திரும்பி வந்துவிடாதா என்றார். பெரிய டாக்டரே இதைப் பார்த்துச் சிரிப்பார். அவர்தான் ஆஸ்பத்திரியின் முதலாளி. சிஸ்டர் அவரிடமும் அதே குரலில்தான் சொன்னார். "தினமும் மஞ்சத்தண்ணியாவே இருக்கட்டும் சார். பழக்கம் கைக்குத்தானே வரணும், கண்ணுக்கில்லையே."

இனி அந்த நாள்.

காலையிலிருந்து பிரசவத்துக்கு மேல் பிரசவம். ஒரு பெண்ணுக்கு ஆட்டோவிலேயே பிரசவமாகி, அள்ளிக்கொண்டு வந்தார்கள். கையில் எந்தப் பரிசோதனைக் காகிதமும் இல்லை. ரத்தப்போக்கு நிற்காததால் முதலுதவி செய்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கருவிகள் கழுவும் அறையில் அன்றைக்குப் பார்த்துக் குழாய் பழுது. தியேட்டர் உதவியாள் கருவிகளை ஒரு எவர்சில்வர் பேசினில் தண்ணீரில் ஊறப்போட்டு, தாழ்வாரத்து மேஜையில் வைத்துவிட்டு பிளம்பரைத் தேடிப் போனார். அதே மேஜையில்தான் வீட்டுக்குக் கிளம்பவிருந்த ஒரு குடும்பம் ஆரத்தியைக் கரைத்து வைத்திருந்தது. அதுவும் எவர்சில்வர் பேசின்தான். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம்.

உதவியாள் திரும்பி வந்து ஆரத்தியை எடுத்துக்கொண்டு போனார். அதில் கையை விட்டுக் கத்தரிக்கோலைத் தேடினாராம்.

குழந்தையின் அப்பாவைப் பெற்ற அம்மா மற்றப் பேசினை எடுத்துக்கொண்டார். ஒரு வெற்றிலையை மிதக்கவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். நான் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் செல்வி, தாயின் பையைத் தூக்கிக்கொண்டு. பெரிய டாக்டர் வழியனுப்ப வந்திருந்தார். ஒரு சித்தப்பா போனில் வீடியோ எடுத்தார். அந்த அம்மாவுக்கு நல்ல மனசு. மூன்று சுற்று சுற்றிவிட்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் பொட்டு வைத்ததோடு நிற்கவில்லை. மகனுக்கு வைத்தார். "டாக்டர்தான் எங்களுக்குச் சாமி" என்று பெரிய டாக்டரை நெருங்கினார். அவர் கண்ணை மூடி நெற்றியை நீட்டினார். அடுத்து எனக்கு. வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அடுத்து செல்விக்கு, நன்றாக அழுத்தி.

பிறகு வாசலுக்கு வந்து மிச்சத்தை வீசி ஊற்றினார். தண்ணீரோடு சேர்ந்து ஒரு கவ்வி, ரத்தக்குழாயைப் பிடிப்பார்களே அது, டைல்ஸில் டங்கென்று விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு கத்தரிக்கோல். அதன் மேல் ஈரமான பஞ்சு.

கற்பூரம் மட்டும் தரையில் எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் அந்த அம்மாதான், "இது எங்க வீட்டுது இல்லையே" என்றார்.

பிரமீளா சிஸ்டர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. யாரையும் திட்டவில்லை. ஒருத்தரும் நெற்றியைத் துடைக்காதீர்கள், துடைத்தால் கண்ணுக்கு இறங்கும், கையை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றார். குழந்தையை முதலில் கொண்டுபோய், தானே கையுறை போட்டு, தலையைச் சாய்த்துப் பிடித்துச் சோப்புத் தண்ணீரால் நெற்றியைக் கழுவினார். அடுத்து தாய். மற்ற எங்களை வாஷ்பேசின் முன்னால் வரிசையில் நிற்க வைத்தார். பெரிய டாக்டர் தன் அறைக்குப் போய்க் கழுவிக்கொள்கிறேன் என்று நகரப் பார்த்தார். சிஸ்டர் டார்ச்சைத் தூக்கிப் பிடித்து, "சார், நெத்தி" என்றார். அவர் திரும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவர் முன்னால் நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்ததால், நீங்க முதல்ல போங்க சார் என்று விலகினேன். வரிசையைக் கலைக்கக்கூடாது என்றார் சிஸ்டர்.

தேய்க்காமல், ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு ஒவ்வொரு நெற்றியாக டார்ச் அடித்துப் பார்த்தார். கீறலோ புண்ணோ இல்லாத தோல் மேல் ரத்தம் பட்டால் கழுவினால் போதும், பயமில்லை என்றார். பாட்டியின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு இல்லை. குழந்தைக்கும் தாய்க்கும் அப்பாவுக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு, டாக்டருக்கு ஒன்றும் இல்லை. செல்வியிடம் வந்ததும் டார்ச் அங்கேயே நின்றது.

செல்விக்கு ஸ்டிக்கர் பொட்டின் பசை ஒத்துக்கொள்ளாது. புருவ நடுவில் தோல் வெந்து, நீர் கோத்துப் புண்ணாக இருந்தது. நாலு நாளாக அதனால்தான் வெறும் நெற்றியோடு வந்திருந்தது. வெறும் நெற்றியாக இருக்கிறாயே மகளே என்றுதான் அந்த அம்மா அழுத்தி வைத்தார்.

அந்தப் பேசினில் ஆட்டோவில் பிரசவமான பெண்ணின் ரத்தம் இருந்தது. அவளுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியாது. அவளைத் தேடிக் கேட்டுச் சோதனை செய்து தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்க முடியாது. எச்.ஐ.வி. தடுக்கும் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது, மூன்று நாள் தாண்டினால் பயனில்லை என்றார் சிஸ்டர். ஆபத்து மிகவும் குறைவுதான், இருந்தாலும் தெரியாத ரத்தம் என்பதால் போடுவோம் என்று டாக்டரும் சொன்னார். மஞ்சள்காமாலைக்கான ஊசி எங்கள் எல்லோருக்கும் முன்பே போட்டிருந்தது. செல்வியின் ரத்தத்தை எடுத்துவிட்டு முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்கள். நாலு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். அன்றைக்கே சிஸ்டர் ஒரு பித்தளைத் தட்டை வாங்கிவரச் சொல்லி, எவர்சில்வரோடு இது மாறாது, இனி ஆரத்திக்கு இது மட்டும்தான் என்று நர்ஸ் அறை அலமாரியில் பூட்டி வைத்தார்.

செல்வி அழவில்லை. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டது. வீட்டுக்காரர் முருகேசன் பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை. கெட்டவர் இல்லை, ஆனால் சந்தேகக்காரர். எச்.ஐ.வி. மாத்திரை டப்பாவைப் பார்த்தால் என்னை வீட்டில் வைத்திருக்க மாட்டார், பிள்ளையையும் பிரித்துவிடுவார் என்றது. சிஸ்டர் வந்து பேசட்டுமே என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆளாக வந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார் என்றது. "நீங்க வாங்கண்ணா. உங்களுக்குப் பொய் வராதுன்னு அவருக்குத் தெரியும். ஊசி குத்திடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அதுதான் நம்புற மாதிரி இருக்கு."

எனக்குப் பொய் வராது என்பதால் பொய் சொல்ல என்னைக் கூட்டிப்போனது.

ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு. முருகேசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாங்கண்ணா, உட்காருங்க என்றார். உட்கார்ந்தேன். வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தேன். பிறகு, செல்விக்கு ஊசி குத்திவிட்டது, ஜாக்கிரதைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

எந்தக் கையில் என்றார்.

வலது கை என்றேன் நான். அதே நேரம் செல்வி இடது கையை நீட்டியது.

முருகேசன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். இரண்டு கையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குத்தின தடமே இல்லை. என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"பொட்டு வச்சாங்க தம்பி."

"யாரு?"

"குழந்தையோட பாட்டி."

"எதுல வச்சாங்க?"

"பிரசவக் கத்தரிக்கோல் ஊறவச்ச தண்ணியில."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "அண்ணா, அந்த ஊசிக் கதையே பரவாயில்லை" என்றார்.

அப்போதுதான் என் போனில் அந்த வீடியோ இருப்பது ஞாபகம் வந்தது. யார் யாருக்குப் பொட்டு வைத்தார்கள், யாரும் விட்டுப்போகக்கூடாது என்று சிஸ்டர் அந்தச் சித்தப்பாவிடம் கேட்டு வாங்கி, வாசலில் நின்றவர்களை அடையாளம் சொல்ல எனக்கு அனுப்பியிருந்தார். போனைக் கொடுத்தேன். கற்பூரம், மூன்று சுற்று, பொட்டு. செல்விக்கு வைக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தார். டங்கென்ற சத்தம் வந்ததும் திடுக்கிட்டு, மறுபடி பின்னால் ஓட்டினார். மறுபடியும் டங். கண்ணை மூடி நெற்றியை நீட்டுகிறாரே இவர் யார் என்று கேட்டார். பெரிய டாக்டர் என்றேன். "அவரேவா?" என்றார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. செல்வியைப் பார்த்து, "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்.

என் வேலை இன்னும் முடியவில்லை. கடைசிப் பரிசோதனை முடியும்வரை புருஷன் பெண்டாட்டி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்று சிஸ்டர் சொல்லி, ஒரு பொட்டலமும் கொடுத்திருந்தார். செல்வி, அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பு மூலைக்குப் போய்விட்டது. நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி சொன்னேன். பொட்டலத்தைக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மிக்சர் என்று நினைத்துப் பிரித்துவிட்டார். "அதுவும் ஒரு கையுறை மாதிரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொல்லிக்கொண்டு வரக்கூட இல்லை.

முதல் வாரம் செல்விக்கு ஒரே குமட்டல். முருகேசன் எலுமிச்சம்பழம் வாங்கிப் போட்டார். அதோடு அதன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். சிஸ்டர் அவரைப் போனில் கூப்பிட்டு, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒன்றும் வராது, ஒரே பாயில் படுத்தாலும் வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். டம்ளர் பழைய இடத்துக்கு வந்தது. மாத்திரை நேரத்துக்கு அவரே பட்டறையிலிருந்து போன் போட ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. முருகேசன் லீவு போட்டு வந்துவிட்டார். எனக்கும் சேர்த்துப் பாருங்கள் என்றார். உங்களுக்குத் தேவையில்லையே என்றார் சிஸ்டர். அவள் மட்டும் தனியாக உட்கார வேண்டாம் என்றார் அவர். செல்விக்கு ரத்தம் எடுத்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு எடுத்தபோது மட்டும் ஊசிக்குழலுக்குள் ரத்தம் ஏறுவதைப் பார்த்துவிட்டார். தாழ்வாரம் வரை வந்தார். பெஞ்சில் உட்காரப் போனவர் தரையிலேயே வாந்தி எடுத்துவிட்டு மயங்கிச் சாய்ந்தார்.

நானும் நர்ஸும் அவரைத் தூக்கிப் பெஞ்சில் போட்டுக் காலை உயர்த்தி வைத்தோம். கண் திறந்துவிட்டார். துடைக்கலாம் என்று நான் திரும்பினால், செல்வி ஏற்கெனவே ஏப்ரன் கட்டி, கையுறை மாட்டி, புருஷன் தலைமாட்டில் மஞ்சள் பலகையை வைத்துக்கொண்டிருந்தது. தாள் போர்த்தியது. விளிம்பிலிருந்து கரைசலை ஊற்றியது. உள்ளே சோதனை முடிவுக்காக ஒரு காத்திருப்பு. வெளியே இந்தப் பத்து நிமிஷம். நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

கதவு திறந்தது. பிரமீளா சிஸ்டர் வெளியே வந்து எப்போதும் பேசுகிற அதே குரலில், "செல்வி, ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு" என்றார். பிறகு பெஞ்சைப் பார்த்து, "உங்களுக்கும்" என்றார்.

அந்த நாள் வாசலில் அழாத செல்விக்கு இப்போது அழுகை வந்துவிட்டது. கன்னமெல்லாம் வழிய, கை தானாகக் கண்ணுக்குப் போனது. நானும் சிஸ்டரும் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து முருகேசன் எழுந்து உட்கார்ந்து, "ஏய், கையுறையோட கண்ணைத் தொடாதே" என்றார்.

செல்வி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே நின்று அழுதது. அவர் தள்ளாடி இறங்கி, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, துடைத்துவிட அதன் பக்கம் போனார்.

"ஒந்து நிமிஷம்" என்றார் சிஸ்டர். "நீங்க வாந்தி எடுத்த சட்டை அது. முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. என் ரூம்ல சுத்தமான துண்டு இருக்கு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று அவசரப்படாமல் சோப்புப் போட்டார். அவர் துண்டோடு திரும்பி வரும்வரை செல்வி கையை நீட்டியபடியே, அழுதுகொண்டும் இடையிடையே சிரித்துக்கொண்டும், பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

பல நாள் தள்ளிப்போட்டு இதை எழுதி முடித்தது கார்த்திகை மாதம், இரண்டாவது திங்கட்கிழமை.